பூட்டு எண் 27

முதல் நாள் ஷிர்கே கொடுத்தது
ஒரு சிவப்புப் பூட்டு, ஒரே ஒரு சாவி.
"ஏறுமுன் மெயினை அணைத்துப் பூட்டு.
சாவி உன் பையில்.
கடவுளே கேட்டாலும் கொடுக்காதே."
என்னைவிடப் பதினோரு வயது இளையவள்.

வங்கிக்குக் கணக்கு ஏற்றிய விரல்கள் எனக்கு.
மென்பொருள் வந்து எங்கள் மாடியையே காலி செய்தபின்
முப்பத்தெட்டில் அப்ரண்டிஸ்.
படிவத்தில் வயதைப் பார்த்து
சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்
முலுண்ட் அலுவலகத்துப் பையன்.

வடாலாவில் பதினெட்டு மாடி.
லிஃப்டின் தலைமேல் நின்று
வடத்தில் துணியைச் சுற்றி மெல்ல இழுப்போம்.
நூல் சிக்கினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது.
"கண்ணை நம்பாதே, துணியை நம்பு" என்பாள்.
பிறகு வடாபாவ்.
பிறகு அடிக்குழியில் தேங்கிய மழைத்தண்ணீர்,
அதில் மிதக்கும் யாருடைய ஒற்றைச் செருப்போ.

ஓராண்டு முடிந்தது. இடம் இல்லையாம்.
திங்களன்று அடுத்த அணி வருகிறது,
அதே உதவித்தொகைக்கு.
ஹெல்மெட், பெல்ட், பூட்ஸ், மூன்று கையெழுத்து.
பூட்டில் கீறிய என் பெயரை
உப்புத்தாளால் தேய்த்தேன்.
அடியிலிருந்து எட்டிப் பார்த்தது
இன்னொருவன் பெயரில் பாதி: 'பாண்டு'.
ஷிர்கே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேற்று சயான் துணிக்கடை லிஃப்டில்
மூன்றாம் மாடியைத் தாண்டுகையில் ஒரு கிறீச்.
எல்லோரும் போனில்.
கதவு உருளை தேய்ந்திருக்கிறது,
இன்னும் ஒரு மாதம் தாங்கும்.
இறங்கிக் காவலாளியிடம் சொன்னேன்.

"நீங்க யாரு?" என்றார்.