கணக்கு நான்கு நீங்கலாக

ஆறு ஆண்டாய் வெள்ளி இரவுகளை
இப்படித்தான் மடித்து வைத்தேன்:
பதிப்பெண்ணை மாற்று. இரண்டு இடத்தில். இல்லை, மூன்று.
இடைவெளிகளைப் பிழிந்து கோப்பைச் சுருக்கு.
எழுத்துருக்களை மறக்காதே.
ஜிப் போடு. ஏற்று. அறிவி. படு.

ஈசூன், பதினோராம் மாடி.
கீழே கோப்பிக்கடையில்
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கும் சத்தம் வந்தால்
மணி பதினொன்று.
சியாமளாவுக்கு இரவுப்பணி. கவிஷா தூங்கியிருப்பாள்.

‘விளிம்பு’ என்று பெயர் வைத்தோம், நானும் ஹுய் மின்னும்.
பொத்தான்களுக்கு வளைவு, பத்திகளுக்கு மூச்சு,
அட்டவணைகளுக்கு மயிரிழையாய் ஒரு கோடு.
விலை கிடையாது.
யாரும் எடுக்கலாம், திருத்தலாம்,
திட்டலாம்.

2.3.1இல் எழுத்துரு விடுபட்டது.
எஸ்டோனியாவில் ஒரு பல் மருத்துவரின்
முன்பதிவுப் பக்கம் பல்லிளித்ததாம்.
2.3.2இல் எழுத்துரு வந்தது, உரிமம் விடுபட்டது.
2.3.3 பிறந்ததே மன்னிப்புக் கேட்கத்தான்.

அதற்கெல்லாம் முன்னால், 1.9.
அதில் கவிஷாவின் வீட்டுப்பாடம் சேர்ந்து போய்விட்டது.
தொடக்கநிலை ஐந்து, பின்னக் கணக்கு,
கைப்பேசியில் எடுத்த படம்,
ஓரத்தில் என் கட்டைவிரலின் நிழல்.
பதினோராயிரம் கணினிகளில் இறங்கியது.
மூன்று பேர் எழுதினார்கள்.
ஒருவர்: இது எதற்கு?
ஒருவர்: இது வைரஸா?
லிமாவிலிருந்து ஒருவர்:
நான்காவது கணக்கு தப்பு.
அலி கொடுத்தது மீதியில் ஐந்தில் இரண்டு பங்கு,
மொத்தத்தில் அல்ல.

ஹுய் மின் சொன்னாள், கோப்பி ஓ ஆறிக்கொண்டிருக்க:
உன் கையை நம்பி இன்னும் எத்தனை நாள்?
மெஷினுக்குத் தூக்கம் வராது லா.

எழுத உட்கார்ந்தேன்.
முதல் ஓட்டம் சிவப்பு. இரண்டாவதும்.
ஒன்பதாவதில்தான் தெரிந்தது,
இரண்டு இடைவெளி வேண்டிய வரியில் மூன்று.
வல்லினம் மிகாத இடத்தில் ஒற்றைப் போட்டுவிட்டு
வகுப்பில் எழுந்து நின்ற அதே வெட்கம்.
தமிழாசிரியையாவது சுழித்துக் காட்டுவார்.
இது ‘வரி 41க்கு அருகில்’ என்கிறது.
அருகில் என்றால்
எந்தப் பக்கம்?

பிறகு சாவி.
கையொப்பமிடும் உரிமையை அதனிடம் ஒப்படைக்க வேண்டும்.
ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில்
வீட்டுச்சாவியை முதன்முதலாக
எதிர்வீட்டு மக்சிக் ரொஹானாவிடம் கொடுத்துவிட்டு
மின்தூக்கிவரை போய்த் திரும்பிப் பார்த்தேனே,
அப்படிப் பார்த்தேன் திரையை.

பதினான்காவது ஓட்டம் பச்சை.

2.4.0 வெளியானபோது நான்
ஈரச்சந்தையில் நின்றிருந்தேன்,
கங்கோங் கட்டு ஒரு கையில், சில்லறை மறுகையில்.
கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது.
சுருக்கி, அடுக்கி, கையொப்பமிட்டு,
ஏற்றி, உலகுக்கு அறிவித்து
எல்லாமாக ஐம்பத்திரண்டு நொடி.
மீன்காரர் இன்னும் செதில் தேய்த்து முடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜிப்பைப் பிரித்துப் பார்த்தேன்.
நம்பாமல் இல்லை. சும்மா.
எழுத்துரு இருந்தது. உரிமம் இருந்தது.
வேறெதுவும் இல்லை.

அந்த வெள்ளி பதினொன்றுக்கும் நாற்காலிகள் கவிழ்ந்தன.
கைக்கு வேலை இல்லை.
பாத்திரம் கழுவினேன்.
கழுவியதை எடுத்து இன்னொரு முறை.

இப்போது ஹுய் மின் என் நிரலைச் சரிபார்க்கிறாள்.
பொதியில் சேரக் கூடாதவற்றின் பட்டியல்:
தற்காலிகக் கோப்புகள், சோதனைகள்,
பாதி எழுதிய குறிப்புகள்,
கடைசி வரியில் ‘கணக்கு நான்கு’ என்றொரு படம்.
கேட்கிறாள்: இந்தப் பெயரில் கோப்பே இல்லையே,
வரியை எடுத்துவிடட்டுமா?

அடுத்த அறையில் கவிஷா. உயர்நிலை இரண்டு.
கதவு சாத்தியிருக்கிறது.
இப்போதெல்லாம் கணக்கை
யாரிடமும் காட்டுவதில்லை.

பதில் எழுதினேன்:
இருக்கட்டும் லா.
அதனால் எதுவும் உடையாது.