இருநூறு லிட்டர்

டாட்டா ஏஸ் வாசலை அடைத்து நிற்கிறது.
கழற்றிய கட்டில் கால்கள் சணலில் கட்டுண்டு
ஏற்கெனவே ஏறிவிட்டன.
மொட்டைமாடியில் நீல டிரம்மைத் தட்டிப் பார்த்த
சுமைக்காரத் தவமணி கேட்டான்:
"உள்ள என்னக்கா, தண்ணியா?"
மழை என்றேன்.
"என்னமோ ஒண்ணு. கொட்டிட்டுக் குடுங்க.
ஒம்பதரைக்கு மேல யானைக்கல் பாலத்துல
வண்டி நகராது."

இருநூறு லிட்டர்.
ஐப்பசியில் இரண்டு ராத்திரி
கார்த்திகையில் ஒரு மத்தியானம்.
மாடிப்படிக் கூரையின் தகரத்தில் விழுந்து
கூழாங்கல், மணல், அடுப்புக்கரி,
நாலாய் மடித்த நைந்த சுங்குடி
இத்தனையும் தாண்டி இறங்கியது.
முதல் மழையைப் பிடிக்கக் கூடாதாம்,
அது தகரத்தைக் கழுவிக்கொண்டு போய்விட வேண்டுமாம்.
இது தெரிவதற்குள்
ஒரு டிரம் புறா எச்சம் சேர்த்திருந்தேன்.

புழுத்தொட்டியைத் தவமணி தொடமாட்டான்.
அது என் மடியில் வரும்,
ஒத்தக்கடையில் அரைக்கிலோ வாங்கி
டவுன் பஸ்ஸில் வந்த அன்று போலவே.
பையில் என்ன என்றார் கண்டக்டர்.
சொன்னேன்.
கோரிப்பாளையம் வரைக்கும்
பக்கத்து இருக்கை எனக்கே எனக்கு.

முதல் மாதம் பாதியைக் கொன்றேன்,
எலுமிச்சை ஊறுகாய் போட்டு.
மீதியைக் கத்திரி வெயில் கேட்டது.
ஈரச் சாக்கு, அதன்மேல் தென்னங்கீற்று,
நடுப்பகலில் மூன்று தரம் தண்ணீர்த் தெளிப்பு.
"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப
இப்படி ஒரு துணி நனைச்சிருப்பியா?"
என்று பிச்சைமணி கேட்டது
அந்த மே மாதம்தான்.
பதில் சொல்லவில்லை.
கொத்து பரோட்டா கடை முட்டை ஓட்டை
அம்மியில் நுணுக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் சாந்தாராம் நல்லவர்.
மகனுக்குக் கல்யாணம், மாடி வேண்டும் என்றார்.
அட்வான்ஸில் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார்,
பாகற்கொடிப் பைகளுக்கு நேர் கீழே
அவர்கள் பூஜையறைக் கூரையில்
ஓர் ஈரக்கறை.
போய்ப் பார்த்தேன்.
இலங்கைத் தீவு போல இருந்தது.
நியாயம்தான்.

டிரம்மைச் சாய்க்கக் கை வரவில்லை.
செடிகளுக்கு விடலாம் என்றால்
அவை ஏற்கெனவே வண்டியில்,
தண்டங்கீரை மட்டும் எதிர்வீட்டுக்குப் போயிருந்தது.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சந்தைப் பார்த்துக் கத்தினேன்:
"மழைத்தண்ணி வேணுங்கிறவுக வாங்க!"

பாத்திமுத்து இரண்டு குடம்.
லாரித் தண்ணீரில் துவரம்பருப்பு
மூன்று விசிலுக்கும் முழிக்கிறதாம்.
ஜெபராணி ஒரு வாளி, தலைக்கு ஊற்ற.
தறிப்பட்டறைப் பையன் ஒரு கேன்,
இன்வெர்ட்டர் பேட்டரிக்கு.
யாரோ ஒரு குழந்தை டம்ளரோடு வந்து
அங்கேயே குடித்துவிட்டுப் போனது.
வேண்டாம் என்பதற்குள்.

கடைசியாகப் படியேறி வந்தார்
சாந்தாராம் வீட்டு ஹேமாவதி,
கையில் பித்தளைச் சொம்பு.
கறையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும்.
நிறைத்துக் கொடுத்தேன்.
இறங்கும்போது
சொம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

அடியில் இரண்டு விரற்கடை கருஞ்சேறு.
அதை வழித்துப் புழுத்தொட்டியில் போட்டேன்.
தவமணி டிரம்மை ஒற்றைக் கையில் தூக்கினான்.

யானைக்கல் பாலம்.
கீழே வைகையில் ஆகாயத்தாமரையும்
ஒரு சாண் அகலத்துக்கு ஏதோ மினுக்கமும்.
பள்ளம் வரும்போதெல்லாம் பின்னால் டிரம் முழங்குகிறது.
மடியில் தொட்டி குளிர்ந்து கனக்கிறது.

வில்லாபுரம் வீட்டுக்காரரிடம்
எல்லாம் கேட்டிருந்தேன்.
கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு,
கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை,
ராத்திரி எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டுவார்.
கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழும் என்று
கேட்கவில்லை.

மூடியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு
மறுகையால் போனைத் தேடுகிறேன்.