வாசித்தேன், விளங்கிக்கொண்டேன்

துவாஸ் கப்பல் பட்டறையில்
எண்ணெய்த் தொட்டிக்குள் ஆள் இறங்குமுன்
என் கையெழுத்து வேண்டும்.
பிராணவாயு எத்தனை விழுக்காடு,
அனல் வேலையா, வாசலில் யார் காவல்,
ஏணி எங்கே, கயிறு எங்கே.
பதினொரு பக்கம்.
ஒரு வரியைத் தாண்டினால்
அது உள்ளே இருப்பவனின் மூச்சு.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்:
வாசித்தேன், விளங்கிக்கொண்டேன்.
டிக் அடித்துப் பெயர் எழுதுவேன்,
ர. பாக்கியநாதன்.

இதே பெயரைப் பதினைந்து வயதில்
வேறொரு ஏட்டில் எழுதியிருக்கிறேன்.
திடப்படுத்தல் ஞாயிறு.
வெள்ளைச் சட்டை, குதிகாலைக் கடிக்கும் புதுச் சப்பாத்து.
சபையின் விசுவாச அறிக்கைகளில் நிலைத்திருப்பாயா
என்று போதகர் கேட்டார்.
இருப்பேன் என்றேன்.
அவற்றில் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.
மதியம் பிரியாணி என்பது மட்டும்
ஐயமறத் தெரிந்திருந்தது.

இருபத்தாறு வருடம் கழித்து,
தேநீர் இடைவேளையில்
அறந்தாங்கி சுல்பிகர் கேட்டான்,
சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான்:
"அண்ணே, நீங்க எந்த மாதிரி கிறிஸ்தவங்க?"
லுத்தரன் என்றேன்.
"அப்படின்னா?"

வாசலில் பெயர்ப்பலகை இருந்தது.
கடைக்குள் சரக்கில்லை.

அந்த வியாழன்தான் முதன்முதலாக
பூன் லேயில் எப்சிபா வீட்டு லிஃப்டில் ஏறினேன்.
ஒன்பதாம் மாடி. சாப்பாட்டு மேசை.
எலுமிச்சைச் சாறு, ஐந்து நகல்கள்.
இரவு வேலைக்குப் போகும் தாதி ஒருத்தி
சீருடையிலேயே வந்திருந்தாள்.

எளிதென்று சொல்ல மாட்டேன்.
ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடும்.
பயனிலை வந்து சேர்வதற்குள்
எழுவாய் ஜொகூர் பாலம் தாண்டிவிடும்.
மூன்றாம் வாரம்
பஸ் ஓட்டும் தியோடர் தாளை மூடினார்:
"இதெல்லாம் போதகர் பாடு.
அவர் படிப்பார், நாம ஆமென் சொல்வோம்."

எப்சிபா வாதாடவில்லை.
அறிக்கையின் அடியைக் காட்டினாள்.
கையெழுத்திட்டவர்கள் யார், பாருங்கள்.
நாடாண்டவர்கள். இரண்டு நகரத்து மன்றத்தார்.
ஒரு போதகர் பெயரும் இல்லை.
ராயன் முன் அதை நின்று வாசித்தவனும்
சட்டம் படித்த ஓர் அரண்மனை ஊழியன்.
ஜூன் மாதத்துப் பிற்பகல்.
முற்றத்தில் நின்றவர்களுக்கும் கேட்டதாம் குரல்.
நாடு போகலாம், தலை போகலாம் என்று தெரிந்தே
வாசித்து, விளங்கி, இட்ட பெயர்கள்.

தியோடர் கண்ணாடியைத் துடைத்தார்.
தாளை மறுபடி திறந்தார்.

எனக்கு விழுந்த அடி வேறு.
பட்டறையில் பிழைக்குப் புள்ளி உண்டு.
புள்ளி சேர்ந்தால் வேலை நிற்கும்.
மேலே ஒருவர் அப்படித்தான்
என்னையும் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று
வருடக்கணக்காய் நம்பியிருந்தேன்,
ஞாயிறு தவறாமல் பாட்டுப் பாடிக்கொண்டே.
எண்ணவில்லை, கிறிஸ்துவினிமித்தம்
கணக்கே தீர்ந்தது என்று
என் சபை ஐந்நூறு வருடமாக
எழுத்தில் வைத்திருக்கிறது.
யாரும் ஒளித்து வைக்கவில்லை.
நான்தான் போய்ப் பார்க்கவில்லை.
கடைசி ரயிலில் அந்த வரியை
நான்கு முறை வாசித்தேன்,
என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கலாம்,
கல்யாண ஆல்பத்துக்கும்
மின்கட்டணக் கோப்புக்கும் நடுவில்.
எடுங்கள். தூசிக்குத் தும்முங்கள்.
ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.
புரியாததைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.
என் பிரதியில் வட்டங்களே அதிகம்.

விபத்தைப் பற்றி எழுதினாலும் அறிக்கை.
பாவத்தைச் சொன்னாலும் அறிக்கை.
நம்புவதைச் சொன்னாலும் அதே சொல்தான் தமிழில்.
மூன்றிலும் நேரில் பார்த்தவன் வேண்டும்,
கேள்விப்பட்டவன் போதாது.

நேற்று சுல்பிகருக்கு
முக்கால்வாசி பதில் சொன்னேன்.
மீதியை வியாழக்கிழமை கேட்டு வருகிறேன் என்றேன்.
சிரித்தான். தலைக்கவசத்தை இறுக்கினான்.
தொட்டியின் வாயில் ஒரு காலை வைத்தபடி
அவன் காத்து நிற்க,
நான் முதல் வரியிலிருந்து
வாசிக்கத் தொடங்கினேன்.