எட்டு எண்ணும் வரை

மக்னீசியப் பொடி சண்டைக்குப் போய்விட்டது.
மண்ணெண்ணெய் கூப்பனுக்குள் போய்விட்டது.
பெங்களூரில் பிளேட் விற்கும் பார்சிக்காரர்
கடுதாசிக்குப் பதில் போடுவதையும் நிறுத்திவிட்டார்.
கிருஷ்ணகிரி பழையபேட்டைத் தகரக் கொட்டகையில்
நாடகம் மட்டும் நிற்கவில்லை.
நோட்டீசின் அடியில் 'யுத்த நிதிக்காக' என்று ஒரு வரி போட்டால்
தாசில்தார் முன்வரிசையில் வந்து உட்காருவார்,
லைசென்சு கேட்க மாட்டார்.

"நரசோஜி, ஒரே ஒரு படம். தர்பார் சீன்.
காவேரிப்பட்டணத்துக்குப் போகுமுன் வேணும்"
என்றார் கம்பெனி முதலாளி.

என்னிடம் இருந்தவை சர்க்கார் பிளேட்டுகள்.
பட்டாளத்துக்கு எடுத்த பையன்களை
நெஞ்சில் எண்பலகையோடு பிடிப்பதற்கு
எண்ணிக் கொடுத்தவை.
பன்னிரண்டு முகம், பன்னிரண்டு கண்ணாடி.
பதினோரு பேர் கறுப்புக் கம்பளி முன்னால் உட்கார்ந்தார்கள்.
பீடி வாங்கப் போன பன்னிரண்டாமவன்
சந்தூர் பக்கம் ஓடிவிட்டதாகப் பேச்சு.
எனக்கு ஒரு கண்ணாடி மிச்சம்.
எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இரவு பதினொன்றரை.
ஆறு பெட்ரோமாக்ஸ், அதில் இரண்டு இரவல்.
கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.
தர்பார் தலைகீழாகத் தொங்கியது.
ராஜா கிரீடத்தில் நின்றார்,
கீழே வானம் மாதிரி ஜமுக்காளம்.
இருபது வருஷமாக எனக்கு நாடகம் என்றால்
இப்படித்தான்.

"யாரும் அசையாதீங்க."
ஆர்மோனியக்காரர் எண்ணினார்.
ஓங்கிய வாளோடு ராஜா,
மண்டியிட்ட ராணி குப்புலிங்கம்,
தும்மலை விழுங்கிக் கண்ணில் நீரோடு சேவகப் பையன்.
எட்டு வரைக்கும் கொட்டகையில்
முறுக்கு விற்கிறவன்கூடக் கத்தவில்லை.
எட்டு.
முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு
அடுத்த வசனத்துக்குள் வெளியே வந்துவிட்டேன்.

விடியுமுன் சிவப்பு விளக்கில் கழுவினேன்.
ஒரு பிளேட் வெறும் கண்ணாடியாகவே இருந்தது.
அதன் வழியே ஜாடிகள் தெரிந்தன.
இன்னொன்றில் தர்பார்.
தர்பார் முழுக்க ஒரு முகம்.
பிளேட் பெட்டியின் எந்தப் பக்கம் புதிது,
எந்தப் பக்கம் பகலில் எடுத்தது
என்பதை மறந்த என் புத்தியைச்
செருப்பால் அடிக்க வேண்டும்.
எண் ஏழு. வேப்பனப்பள்ளி மாதையன்.
ராணி அவன் கன்னத்தில் மண்டியிட்டிருந்தாள்.
வாள் அவன் புருவத்தில் முடிந்தது.

ஆபீசில் 'பிளேட் உடைந்தது' என்று எழுதிக் கொடுத்தேன்.
முதலாளியிடமும் அதையே சொன்னேன்.
ஒரே கண்ணாடியை இரண்டு தரம் உடைத்தவன் நான்.
படமில்லாத மாதையன்
ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினான்.

நாற்பத்தைந்தில், மாங்காய் இறங்கும் மாசம்,
ஒருத்தி வந்தாள். தொட்டம்மா என்றாள்.
முந்தானையில் தந்தி, மடித்து மடித்துக் கிழிந்து.
"ஆபீசுல அவர் மூஞ்சி இல்லியாம்.
இங்கதான் புடிச்சதுன்னு கூடப் போனவங்க சொன்னாங்க."
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
கை அலமாரியைத் திறந்துவிட்டது.

காகிதம் ஈரம் காயும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
அழுவாள் என்று நான் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தேன்.
"இவ்ளோ கிட்டப் போயா பார்த்தாரு?" என்றாள்.
"எங்கிட்ட சொல்லவே இல்ல.
டிக்கெட்டு எவ்ளோங்க?"

"நாலணா. பெஞ்சு."

"நாலணாவா!"
அவள் கோபம் கொஞ்ச நேரம்
அறையில் உயிரோடு இருந்தது.

பிறகு ராஜாவின் கை மேல் விரல் வைத்தாள்.
"ஓங்கிட்டு நிக்கிறானே,
அப்புறம் வெட்டினானா, விட்டுட்டானா?"

எட்டுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று
எனக்குத் தெரியாது.
அவள் படத்திலிருந்து கண்ணை எடுத்து
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
நான் அசையாமல் நின்றேன்.