வீண் 14

குடிகாட்டில் அஞ்சலாட்சி வீட்டுக்கு
மூன்றாம் முறை போனபோது
ஃப்ரிட்ஜின் மேல் கோரைப்பாயைச் சாத்தி மறைத்தோம்.
"ஏன், நல்லாத்தானே ஓடுது?" என்றாள்.
படத்துக்கு ஒட்டாதும்மா என்றார் இயக்குநர்.
அது பாய்க்குப் பின்னாலிருந்து
உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது.
நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.
எனக்கு வேலை காது.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் சிப்காட் புகைபோக்கி,
கொஞ்சம் மங்கலாக. இந்தப்பக்கம் அவள்.
கிணற்றுத் தண்ணீர் பழுப்பேறியதைச் சொன்னாள்.
ரெண்டு பிள்ளை தங்காமல் போனதைச் சொன்னாள்.
லாரி ஹாரன் அடித்தது.
இன்னொரு தடவை என்றோம்.
மறுபடி ரெண்டு பிள்ளையும் போயின.
அழுகை மட்டும் போன தடவை வந்த இடத்தில் வரவில்லை.
கேமராவை நிறுத்தாமல் காத்திருந்தோம்.
வந்தது.

பின்கட்டில் ராசாங்கம்
கோழியை வைதுகொண்டிருந்தது
அதன் நடுவில்தான் விழுந்தது.

புதுச்சேரியில் ஏசி அரங்கில் திரையிட்ட அன்று
அந்த அழுகைக்கு ஒருவரும் இருமவில்லை.
ஒலி துல்லியம் என்று
என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.
பெயர்கள் ஓடும்போது
'நன்றி: குடிகாடு மக்கள்'.

ஐப்பசியில் ராசாங்கம் செத்த தகவல்
எங்கள் யாருக்கும் வரவில்லை.
தை பிறந்து அவளே போன் செய்தாள்.
"படமெல்லாம் வேணாம் தம்பி.
அவரு போட்டோ நாலு இருக்கு, குரல்தான் இல்ல.
அன்னிக்குக் கோழிய வைஞ்சாரே,
அது உங்க மிஷின்ல கெடக்குமா?"

நாற்பது மணிநேரம்.
'வீண்' என்று நானே பெயரிட்ட ஃபோல்டரில்
பதினாலாவதாகக் கிடந்தார்.

"மூதேவி, அரிசியில வாய வைக்காத,
ஒன்னத்தான்..."
முறம் தட்டும் சத்தம்.
உஷ்.
அந்த உஷ் என்னுடையது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம், சின்னக் குரலில், கோழியிடம்:
"வாடி, நாம பேசக் கூடாதாம்."

அரை நொடிதான். வெட்டிவிடலாம்,
தையல் தெரியாமல் ஒட்டவும் எனக்குத் தெரியும்.
வெட்டினால்
அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று
அவளுக்கு விளங்காது.
இரண்டு முறை வெட்டி
இரண்டு முறை திரும்ப ஒட்டினேன்.

அப்படியே அனுப்பினேன், ராத்திரி ஒன்பதே காலுக்கு.
நீல டிக் விழுந்தது.
பத்து மணிக்கு அவளிடமிருந்து ஓர் ஆடியோ:
ஒரு நிமிடம் பதினோரு நொடி.

நாலு நாளாகிறது.
ஹெட்போனை எடுப்பதும்
கழுத்தில் மாட்டிக்கொள்வதுமாக இருக்கிறேன்.