தேதி இல்லாத வரி

வரிக்குப் பத்து சென்ட்.
முத்திரைத் தீர்வை தனி, அது அரசருக்கு.
எங்க்ஹௌசன் ஊரில் யார் பிறந்தாலும் மணந்தாலும் போய்ச் சேர்ந்தாலும்
என் மேசைக்கு வந்துதான் தீர வேண்டும்.
அவர்கள் எழுதிக் கொண்டுவருவார்கள்.
நான் எண்ணுவேன். உள்ளே என் அண்ணன் மைன்டெர்ட் அச்சுக் கோப்பான்.

'மென்மையாக, அமைதியாக' இறக்காதவர் இந்த ஊரில் ஒருவருமில்லை,
மூன்று இரவு சுவரைப் பிறாண்டிய
கயிறு திரிப்பவர் டியூவிஸ் உட்பட.
பாலாடைக்கட்டி வியாபாரி ஸ்லாக்கர்
மனைவியை ஐந்து வரியில் கொண்டுவந்தார்.
"'ஆழ்ந்த' என்பதை எடுத்துவிட்டால் நான்காகுமா?"
ஆயிற்று.
வெறும் துயரத்தோடு வீட்டுக்குப் போனார்.

அறுபத்து மூன்றாம் வருடம், அக்டோபர் பத்தொன்பது.
நெல்ட்யே ஸ்வாகர்மனுக்குக் கல்யாணம்.
மாப்பிள்ளை கார்ஸ்ட் ஆடெமா ஜாவாவில்,
செமாரங் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கணக்கெழுதுகிறார்.
நடுவில் இத்தனை கடல் கிடக்க
அவருக்குப் பதிலாக அவர் தம்பி வந்து நின்றார்.
கையுறைக் கல்யாணம் என்போம் இதை:
கை வராது, உறை வரும்.

'பதிலாள் மூலம்' என்பதையும் போடச் சொன்னாள்.
ஒரு வரி கூடுமே என்றேன்.
கூடட்டும் என்று சிரித்தாள்.
வசந்தத்தில் கப்பலாம். பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போகிறாளாம்,
உப்புக்காற்றில் துருப்பிடிக்காத பூட்டு எங்கே கிடைக்கும்
என்று என்னிடம் கேட்டாள், நான் என்ன கண்டேன்.

டிசம்பரில், துறைமுகத் தண்ணீர் ஓரமெல்லாம் உறைந்த ஒரு காலையில்,
மறுபடி வந்தாள்.
கடை மடிப்புக் கலையாத கறுப்புச் சால்வை.
தாளை நீட்டினாள்.
'என் அன்புக் கணவர்,
முப்பத்தொரு வயதில், காய்ச்சலில்,
செப்டம்பர் இருபத்தேழாம் நாள்'

என் விரல் அங்கே நின்றுவிட்டது.

நகர மண்டபத்தில் அவள் சம்மதம் என்று சொன்னபோது
அவர்மேல் மண் விழுந்து மூன்று வாரம்.
பெருமழை ஊர். புல்கூட முளைத்திருக்கும்.
அவளுக்கும் எண்ணத் தெரியும்,
கடிதம் வந்த இரவிலேயே எண்ணியிருப்பாள்.

கணவர் என்று போடலாமா என்று அவள் கேட்கவில்லை.
"தேதியை எடுத்தால் எவ்வளவு குறையும்?"

எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
ஒன்றும் குறையாது. கடைசி வரியில் இடம் மிச்சமிருந்தது.
"ஒரு வரி குறையும்" என்றேன்.

இடக்கைக் கையுறையைக் கழற்றி
சில்லறையை ஒவ்வொன்றாக வைத்தாள்.
அவள் போனபின் என் பையிலிருந்து பத்து சென்ட்
பெட்டியில் விழுந்தது.

தடித்த கறுப்புக் கட்டம். கீழே வழக்கம்போல
'தனிக் கடிதங்களுக்குப் பதிலாக, இதுவே ஒரே அறிவிப்பு.'

உள்ளேயிருந்து மைன்டெர்ட் கத்தினான்:
"செத்த நாள் எங்கே?"

எழுத்துப் புரியவில்லை என்றேன்.
"போய்க் கேட்டுவா."

கேட்டாயிற்று, கோத்து முடி.