காயக் கணக்கு

ஒன்பதாம் மாதம், பதினோராம் நாள்.
அசுனோ ஆற்றின் மேல்கரை.
தேதியை எழுதிவிட்டு
மைக்கல்லில் கொஞ்சம் ஆற்றுநீர் விட்டேன்.
காலையில் வேறு நிறத்தில் ஓடியது இது.
இப்போது கூழாங்கல் தெரிகிறது.

தொமாரி குலத்தார்
என் பாய்க்கு முன் வரிசையாய் உட்கார்ந்திருக்கிறார்கள்,
கவசத்தைக் கழற்றாமல்,
அரிசி வாங்க வந்தவர்கள் போல.
வென்றவனுக்கு நிலம் உண்டு.
நிலத்துக்குக் காயம் வேண்டும்.
காயத்துக்குச் சாட்சி வேண்டும்.
சாட்சிக்கு உயிர் வேண்டும்.

"இடது தொடை. அம்பு. ஆழம்" என்கிறார் கனெசுமி.
வைத்தியன் மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்து
விரலால் அளந்து
"மேலோட்டம்" என்கிறான்.
ஆழம் என்றால் ஒரு வயல்;
மேலோட்டம் என்றால் ஒரு பாராட்டு.
கனெசுமி குச்சியைத் தானே வாங்கி
உள்ளே அழுத்துகிறார்,
வலியை விழுங்கிக்கொண்டு
என் தூரிகையையே பார்த்தபடி.

ஆழம் என்று எழுதினேன்.

அடுத்து வந்தவர்கள் இருவர்; தலை ஒன்று.
"கொண்டையைப் பிடித்தவன் நான்."
"வெட்டியவன் நான்."
"நீ வெட்டும்போது அவன் செத்திருந்தான்."
"நீ பிடிக்கும்போது நான்தான் உன்னைத் தாங்கினேன்."
யாருடைய தலை என்று கேட்டேன்.
இருவரும் அப்போதுதான் குனிந்து பார்த்தார்கள்.
கீழுதட்டில் ஒரு தினைமணி ஒட்டியிருந்தது.
தினைக்காட்டில் விழுந்திருப்பான்,
அல்லது காலையில்
அவசரமாய்ச் சாப்பிட்டிருப்பான்.
பெயரில்லாத் தலைக்குப் பாதி மதிப்பு.
அந்தப் பாதியை இரண்டாக்கி எழுதினேன்.

தொகிஃபுசாவுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம்.
சட்டையை இறக்கித் திரும்பி உட்கார்ந்தான்.
முதுகு.
கூடாரத்தில் பேச்சு நின்றது.
எவனோ தொண்டையைச் செருமினான்.
மார்பில் வாங்கியது விழுப்புண்;
முதுகில் வாங்கியதை எழுத
எந்த வீட்டாரும் என்னிடம் கேட்டதில்லை.
"அண்ணனைத் தூக்கக் குனிந்தேன்" என்றான்.
"சாட்சி?"
"அண்ணன்."
வெளியே நாணற்பாய்களின் வரிசையைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
மூன்றாம் பாய்க்கு நீளம் போதவில்லை.
ஒரு காலில் வைக்கோல் செருப்பு இருந்தது.

தூரிகை நுனியில் மை திரண்டு
தாளில் சொட்டியது.
அந்தச் சொட்டையே இழுத்துத்
தோள் என்று எழுதினேன்.
தோளுக்கு முன்பக்கமும் உண்டல்லவா.

குதிரைக்காரன் யகோஜிக்கு வரிசையில் இடமில்லை.
எல்லோரும் போனபின் வந்து
"எழுதியாகிவிட்டதா?" என்றான்.
படித்துக் காட்டினேன்: குதிரை, ஒன்று, இறந்தது.
"அதற்குத் தண்ணீர் பயம்.
கண்ணைக் கட்டி ஆற்றில் இறக்கியவன் நான்.
அதையும் எழுதுங்கள்."
வெகுமதி கேட்பவர்களுக்கு மட்டுமே
இந்தத் தாளில் இடம் என்றேன்.
அவன் போகவில்லை.
கைவிரல்களை முகர்ந்தபடி
விளக்குத் திரி கருகும்வரை உட்கார்ந்திருந்தான்.

எதிர்க்கரையிலும் ஒரு விளக்கு.
கிசுரகி குலத்தின் எழுத்தன் அங்கே இருப்பான்.
அவனும் நானும் ஒரே மடத்தில்
ஒரே கல்லில் மை அரைத்தவர்கள்.
ஆழம் என்ற எழுத்தின் கடைசிக் கோட்டை
மீன்வால் போலச் சுழிப்பான்;
அதற்காக எத்தனை அடி வாங்கினான்!
இன்றிரவு அவன் கை எத்தனை முறை சுழித்ததோ.
இங்கே "எய்தேன்" என்று நான் எழுதியதையெல்லாம்
அங்கே "பட்டது" என்று
அவன் எழுதிக்கொண்டிருப்பான்.
கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கும்.
ஆற்றோடு போனவர்கள்
எந்தத் தாளிலும் இல்லை.

தூரிகையைக் கழுவ இறங்கினேன்.
குளிர் முழங்கால்வரை ஏறியது.
இருட்டில், அக்கரையில்,
யாரோ தண்ணீரை அலசும் சத்தம்;
பிறகு ஓர் இருமல்.
குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான்,
அம்பு எட்டும் தூரமும் அதுதான்.

நானும் இருமினேன்.